நாக்கு அறுபட்ட பிணமும் மனுக் கொடுத்த பெண்களும்

ஒரு வீட்டின் நிலவறையில், மண்ணில் பாதி புதைந்த நிலையில் ஓர் இளம்பெண்ணின் உடல் கிடக்கிறது. உடம்பில் துணி இல்லை. காயமும் இல்லை. மேலே அந்த வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் கொல்லப்பட்டுக் கிடக்கிறார்கள். இவள் யார், இங்கே எப்படி வந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. காலையில் பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டிய ஷெரிஃப், உள்ளூரில் பிணக்கூறாய்வு செய்யும் ஒரு குடும்பத்திடம் உடலைக் கொண்டுவந்து தருகிறார். இரவுக்குள் சாவின் காரணம் தெரிய வேண்டும் என்கிறார்.

'தி ஆட்டாப்ஸி ஆஃப் ஜேன் டோ' என்ற படம் இப்படித் தொடங்குகிறது. 2016இல் டொரண்டோ திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது. இயக்கியவர் நார்வே நாட்டைச் சேர்ந்த ஆந்த்ரே ஓவ்ரெடால். எழுதியவர்கள் இயன் கோல்ட்பர்க், ரிச்சர்ட் நெய்ங். மூவரும் ஆண்கள். சிறிய செலவில் எடுத்த படம் என்பது பார்த்தவுடன் புரியும். ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்தில், வீட்டுக்குக் கீழே உள்ள பிணவறையில் நடக்கிறது. மேலே போக ஒரு பழைய மின்தூக்கி. வெளியே புயல். வேலை செய்பவர்கள் இருவர்: அப்பா டாமி, மகன் ஆஸ்டின். மேசைமேல் அவள்.

'ஜேன் டோ' என்பது அவளுடைய பெயர் அல்ல. பெயர் தெரியாத பெண்ணுக்கு அமெரிக்கச் சட்டமும் காவல்துறையும் வைக்கும் பொதுப்பெயர். ஆணாக இருந்தால் 'ஜான் டோ'. நம் செய்தித்தாள்களில் உள்பக்கத்தின் ஓரத்தில் வரும் 'அடையாளம் தெரியாத பெண் சடலம்' என்ற சொற்களுக்கு இணையானது.

பேய்ப்படம் என்று ஒதுக்கிவிடாமல் இதை எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. இந்தப் படத்தின் பயம் பேயிடமிருந்து வரவில்லை, வேலையிலிருந்து வருகிறது. ஒரு பெண்ணின் உடலைத் திறந்து பார்த்தால் உண்மை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கைதான் அந்த வேலையின் அடிப்படை. அந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. படமே நம்மை அங்கே அழைத்துப் போகிறது. ஆனால் பாதி வழியில் விட்டுவிடுகிறது.

அப்பாவும் மகனும் ஒழுங்கான வேலைக்காரர்கள். முதலில் வெளிப்புறத்தைப் பார்க்கிறார்கள். அடுத்து இதயமும் நுரையீரலும், பிறகு செரிமான உறுப்புகள், கடைசியாக மூளை. ஒவ்வொரு கட்டத்திலும் புதிர் கூடுகிறது. மணிக்கட்டும் கணுக்காலும் உள்ளே நொறுங்கியிருக்கின்றன, வெளியே ஒரு கீறலும் இல்லை. நாக்கு அறுக்கப்பட்டிருக்கிறது. பிறப்புறுப்பின் உள்ளே வெட்டுக்காயங்கள். நுரையீரல் தீயில் கருகியதுபோல் இருக்கிறது. உள்ளுறுப்புகளில் குத்துப்பட்ட தழும்புகள். வயிற்றில் ஊமத்தை வகைச் செடி ஒன்று. கூடவே, எழுத்துகளும் ரோமானிய எண்களும் வரைந்த ஒரு துணி, அதில் சுற்றிய அவளுடைய கடைவாய்ப் பல். தோலை உரித்தால் அதன் உட்புறத்திலும் அதே குறிகள்.

துணியில் இருப்பதை மகன் படித்துவிடுகிறான். லேவியராகமம் 20ஆம் அதிகாரம், 27ஆம் வசனம். ஆண்டு 1693. ஆவிகளோடு தொடர்பு வைத்திருப்பவர்களைக் கொன்றுவிடச் சொல்லும் வசனம் அது. அந்த ஆண்டு மாசசூசெட்ஸ் மாகாணத்தின் சேலத்தில் நடந்த சூனிய வழக்குகளைக் குறிக்கிறது. (நம்முடைய சேலத்துக்கும் அதற்கும் பெயர் ஒற்றுமை தவிர வேறு உறவு இல்லை.) அப்பாவும் மகனும் ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: இவள் ஒரு குற்றமும் செய்யாதவள். சூனியக்காரி என்று சொல்லிச் சித்திரவதை செய்தார்கள். எதை அழிக்க நினைத்தார்களோ அதையே அந்தச் சித்திரவதை உண்டாக்கிவிட்டது. பட்ட வலியை எல்லாம் இப்போது அவள் திருப்பிக் கொடுக்கிறாள்.

இந்த இடத்தில் படத்தை நிறுத்தி வைத்துவிட்டு, உண்மையான சேலத்துக்குப் போவோம்.

1692 ஜூன் 2. சேலத்தில் சூனிய வழக்குகளுக்கென அமைத்த தனி நீதிமன்றம் அன்றுதான் முதலில் கூடியது. அன்று காலை, குற்றம் சாட்டப்பட்ட ஆறு பெண்களின் உடல்களை அணு அணுவாகச் சோதிக்கும்படி உத்தரவு. பிரிஜெட் பிஷப், ரெபெக்கா நர்ஸ், எலிசபெத் ப்ராக்டர், அலிஸ் பார்க்கர், சூசன்னா மார்ட்டின், சாரா குட். சோதித்தவர்கள் ஒன்பது பெண்கள், கூட ஓர் ஆண் மருத்துவர். தேடியது ஒரு 'காம்பு'. சூனியக்காரியின் உடம்பில் எங்காவது மறைவான இடத்தில் பிசாசின் ஏவலாளிகள் பால் குடிக்க ஒரு காம்பு இருக்கும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. அறிஞர்களும் நம்பினார்கள், நீதிபதிகளும் நம்பினார்கள்.

மறைவான இடம் என்றால் எந்த இடம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிரிஜெட் பிஷப், ரெபெக்கா நர்ஸ், எலிசபெத் ப்ராக்டர் மூவருக்கும் பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் இயற்கைக்கு மாறான சதை வளர்ச்சி இருப்பதாக எழுதினார்கள். சில மணி நேரம் கழித்து அதே நாளில் மறுபடியும் சோதித்தார்கள். இப்போது பிரிஜெட்டிடம் எதுவும் இல்லை. எலிசபெத்திடமும் இல்லை. ரெபெக்காவிடம் காய்ந்த தோல் மட்டும் இருந்தது. காலையில் நிறைந்திருந்த சூசன்னா மார்ட்டினின் மார்பு மாலையில் தளர்ந்துவிட்டதாக ஒரு குறிப்பு.

பிள்ளை பெற்ற, வயதான பெண்களின் உடம்பில் அப்படித் தோல் மடிப்புகளும் சிறு சதைகளும் இருப்பது புதிதா என்ன? ஆனால் இருந்தாலும் அது சான்று, இல்லாமல் போனாலும் அது சான்று. காலையில் இருந்தது மாலையில் மறைந்தது என்றால், மறைத்தது யார் என்ற அடுத்த கேள்வி தயாராக இருந்தது. எட்டாம் நாள், ஜூன் 10 அன்று, பிரிஜெட் பிஷப்பைத் தூக்கிலிட்டார்கள். அவர்தான் முதல் ஆள். ஜூலை 19 அன்று ஐந்து பெண்களைத் தூக்கிலிட்டார்கள். ரெபெக்கா நர்ஸ், சூசன்னா மார்ட்டின், சாரா குட் மூவரும் அதில் இருந்தார்கள். அலிஸ் பார்க்கருக்கு செப்டம்பர் 22. சோதிக்கப்பட்ட ஆறு பேரில் உயிரோடு மிஞ்சியவர் எலிசபெத் ப்ராக்டர் ஒருவர்தான். அவர் அப்போது கர்ப்பமாக இருந்தார். வயிற்றில் இருந்த குழந்தையைக் கொல்லக் கூடாது என்று தண்டனையைத் தள்ளிவைத்தார்கள், அதற்குள் வழக்குகளே ஓய்ந்துவிட்டன. அவருடைய கணவர் ஜான் ப்ராக்டரை ஆகஸ்டில் தூக்கிலிட்டிருந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு மறுபடி அந்தப் பிணவறைக் காட்சியைப் பார்த்தால், அது வேறு மாதிரி தெரிகிறது. நடப்பது உடற்கூறாய்வு மட்டும் அல்ல, ஜூன் 2ஆம் தேதிச் சோதனை மறுபடியும் நடக்கிறது. விளக்கு நல்ல வெளிச்சமாக இருக்கிறது, கருவிகள் சுத்தமாக இருக்கின்றன, தேடுகிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் முறை ஒன்றுதான். அவள் கிடக்கிறாள், இவர்கள் படிக்கிறார்கள். வெளியே ஒன்றும் இல்லையென்றால் அதுவே சந்தேகம். உள்ளே ஏதாவது இருந்தால் அது சான்று.

இயக்குநர் இதைத் தெரிந்து செய்தாரா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் படத்தில் இன்னொரு பெண் இருக்கிறார், நாம் பார்க்கவே முடியாத பெண். டாமியின் மனைவி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தற்கொலை செய்துகொண்டவர். எப்போதும் சிரித்த முகம் என்பதால் வீட்டில் சூரியக் கதிர் என்று பொருள்படும்படி 'ரே' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்த துன்பத்தைத் தான் பார்க்கவில்லை என்று டாமி ஓரிடத்தில் சொல்கிறார். எந்தப் பிணத்தைக் கொடுத்தாலும் சாவின் காரணத்தைக் கண்டுபிடித்துவிடும் மனிதர், மாடியில் தன்னோடு வாழ்ந்த பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. படத்தில் உண்மையிலேயே என்னை உலுக்கிய இடம் இதுதான். அதில் பேய் எதுவும் இல்லை.

மூன்றாவது பெண் எம்மா, ஆஸ்டினின் காதலி. இரவுக் காட்சிக்குப் போகலாம் என்று கூப்பிட வந்தவள். பேய் என்று நினைத்து டாமி ஓங்கிய கோடரிக்கு அவள் பலியாகிறாள். ஆக மூன்று பெண்கள். ஒருத்திக்கு நாக்கு இல்லை, ஒருத்தி கதை தொடங்கும் முன்பே இறந்துவிட்டாள், ஒருத்தி பாதியில் சாகிறாள். பேசுவது எல்லாம் அப்பாவும் மகனும்.

இங்கேதான் படமும் வரலாறும் பிரிகின்றன. படத்தில் வரும் பெண்ணுக்கு நாக்கு அறுக்கப்பட்டிருக்கிறது. சேலத்துப் பெண்களுக்கு நாக்கு இருந்தது. அவர்கள் பேசினார்கள், அவர்கள் பேசியது எழுத்தில் இருக்கிறது.

ரெபெக்கா நர்ஸுக்கு அப்போது 71 வயது. ஜூன் இறுதியில் நீதிமன்றத்துக்கு ஒரு மனுக் கொடுத்தார். தன்னைச் சோதித்த பெண்களிலேயே மிக மூத்தவரும் தேர்ந்தவருமான ஒருவர், இது இயற்கையான காரணத்தால் வந்ததுதான் என்று மற்றவர்களுக்கு மாறாகச் சொன்னார். அதனால் அனுபவம் உள்ள மருத்துவச்சிகளைக் கொண்டு மறுபடி சோதிக்க வேண்டும் என்று கேட்டார். தன் உடம்பை வைத்துத் தனக்கு எதிராக எழுப்பிய சான்றை, பெண்களின் அறிவைக் கொண்டே மறுக்க முயன்ற மனு அது.

ஜூரிகள் முதலில் அவர் குற்றமற்றவர் என்றுதான் தீர்ப்புச் சொன்னார்கள். கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன், ரெபெக்கா சொன்ன ஒரு வாக்கியத்தைக் கவனித்தீர்களா என்று ஜூரிகளைக் கேட்டார். இன்னொரு கைதியைப் பற்றி 'எங்களில் ஒருத்தி' என்ற பொருளில் அவர் சொல்லியிருந்தார். அது சூனியக்காரிகளில் ஒருத்தி என்ற ஒப்புதல் ஆகாதா? ஜூரிகள் அவரிடமே கேட்டார்கள். பதில் வரவில்லை. மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு தீர்ப்பை மாற்றினார்கள். பிறகு ரெபெக்கா விளக்கம் கொடுத்தார்: சக கைதி என்ற பொருளில்தான் சொன்னேன். எனக்குக் காது மந்தம். துக்கத்தில் இருந்தேன். என் பேச்சை நீதிமன்றம் எப்படி எடுத்துக்கொண்டது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அவருடைய தங்கை மேரி ஈஸ்ட்டிக்கும் மரண தண்டனை விதித்தார்கள். அவர் கொடுத்த மனு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. தன் உயிருக்காகக் கேட்கவில்லை என்கிறார். தான் சாகப்போவது தெரியும். இனியாவது குற்றமற்றவர்களின் இரத்தம் சிந்த வேண்டாம், குற்றம் சாட்டுகிறவர்களைத் தனித்தனியாக வைத்து விசாரியுங்கள், ஒப்புக்கொண்டவர்களில் சிலரையும் விசாரித்துப் பாருங்கள் என்று நீதிபதிகளுக்கு வழிமுறை சொல்லித் தருகிறார். செப்டம்பர் 22 அன்று அவரைத் தூக்கிலிட்டார்கள்.

ஒப்புக்கொண்டவர்களைப் பற்றி அவர் ஏன் பேசினார் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். சேலத்தில், 'ஆம், நான் சூனியக்காரிதான்' என்று ஒப்புக்கொண்டு அதில் உறுதியாக நின்ற யாரும் தூக்கிலிடப்படவில்லை. 'இல்லை' என்று சொன்னவர்கள்தான் செத்தார்கள். முதலில் ஒப்புக்கொண்ட அடிமைப் பெண் டிட்டுபா உயிர் பிழைத்தார். பொய் சொன்னால் உயிர், உண்மை சொன்னால் கயிறு என்ற நிலையில் அந்தப் பெண்கள் உண்மையைச் சொன்னார்கள். இது தெரியாமல் அவர்களை வெறும் பலியாடுகளாக நினைப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

படத்தில் வேறு சில வரலாற்றுப் பிழைகளும் உண்டு. கருகிய நுரையீரலைப் பார்த்ததும் அவளை எரித்திருக்கிறார்கள் என்ற எண்ணம் வருகிறது. சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை. ஆங்கிலேயச் சட்டப்படி சூனியத்துக்குத் தண்டனை தூக்கு. எரித்தது ஸ்காட்லாந்திலும் ஜெர்மானியப் பகுதிகளிலும். சேலத்தில் தூக்கிலிட்ட 19 பேரில் 14 பேர் பெண்கள், 5 பேர் ஆண்கள். பதில் மனுச் சொல்ல மறுத்த கைல்ஸ் கோரி என்ற முதியவரைக் கற்களை அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். இன்னும் குறைந்தது 5 பேர் சிறையில் செத்தார்கள். சாரா குட்டின் கைக்குழந்தையும் அதில் சேர்ந்தது. லேவியராகம வசனம் 'ஆணோ பெண்ணோ' என்றுதான் சொல்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு அந்த 14ஐப் பாருங்கள்.

பிழைகள் இருக்கட்டும், கதைதானே என்று விட்டுவிடலாம். என் மனத்தில் உறுத்துவது வேறு. 'குற்றமற்றவளைச் சித்திரவதை செய்துதான் சூனியக்காரியாக்கினார்கள்' என்ற படத்தின் வாதம் கேட்பதற்குப் பெண்கள் பக்கம் நிற்பதுபோல் இருக்கிறது. வன்முறைதான் பயங்கரத்தை உருவாக்குகிறது என்பதை ஏற்கலாம். ஆனால் கடைசியில் நாம் பார்ப்பது என்ன? அவள் உண்மையிலேயே ஆபத்தானவள். அவள் இருக்கும் வீட்டில் எல்லோரும் சாகிறார்கள். மகனை விட்டுவிடும்படி டாமி தன்னையே கொடுக்கிறார், அப்போதும் அவள் இரங்கவில்லை. படம் முடியும்போது அவளை வண்டியில் ஏற்றி அடுத்த ஊருக்குக் கொண்டுபோகிறார்கள், கால் விரல் அசைகிறது. அதாவது 1692இன் நீதிபதிகள் பயந்தது சரிதான் என்று ஆகிவிடுகிறது. முந்நூறு ஆண்டுகள் கழித்து அவர்கள் தரப்புச் சாட்சியாகப் படமே வந்து நிற்கிறது.

மேசைமேல் கிடந்த நடிகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் பெயர் ஓல்வென் கெல்லி, அயர்லாந்தைச் சேர்ந்தவர். படம் முழுவதும் ஆடையின்றி, கண் இமைக்காமல், மூச்சு தெரியாமல் கிடக்க வேண்டும். யோகப் பயிற்சி இருந்ததால் மூச்சைக் கட்டுப்படுத்த முடிந்தது. சும்மா கிடப்பதுபோல் தெரியும் அதுதான் இந்தப் படத்திலேயே கடினமான உழைப்பு. இரண்டு ஆண்கள் அலறுவதை நடிப்பு என்கிறோம், ஒரு பெண் அசையாமல் கிடந்ததை அப்படி எண்ணத் தோன்றுவதில்லை. வீட்டில் நடக்கும் வேலைகளைப் பற்றி நாம் எவ்வளவோ பேசியிருக்கிறோமே, அதே கணக்குதான்.

உண்மையான சேலத்துப் பெண்கள் திரும்பி வந்து யாரையும் கொல்லவில்லை. அவர்களும் அவர்களுடைய குடும்பங்களும் செய்தது வேறு. மனு, மேலும் மனு. 1711இல் மாசசூசெட்ஸ் அரசு பலருடைய தண்டனைகளை நீக்கி, குடும்பங்களுக்கு 578 பவுண்டுக்கு மேல் இழப்பீடு ஒதுக்கியது. கேட்க ஆள் இருந்தவர்களுக்குக் கிடைத்தது. பிரிஜெட் பிஷப், சூசன்னா மார்ட்டின், அலிஸ் பார்க்கர் போன்றவர்களின் பெயர்கள் அதில் இல்லை. அவர்களுடைய பெயர்கள் சட்டத்தில் ஏறியது 2001இல்தான்.

அப்போதும் ஒருவர் விடுபட்டார். எலிசபெத் ஜான்சன். வழக்கு நடந்தபோது வயது 22. 1693 ஜனவரியில் மரண தண்டனை விதிக்கப்பட்டு, ஆளுநர் தள்ளிவைத்ததால் உயிர் தப்பியவர். படத்தில் துணியில் எழுதியிருக்கும் அதே ஆண்டு. தன் பெயரையும் நீக்கச் சொல்லி அவரே மனுக் கொடுத்தும் நடக்கவில்லை. அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகள் இல்லை, அதனால் பின்னாளில் கேட்க வாரிசுகளும் இல்லை. கடைசியில் அவருக்காகக் கேட்டவர்கள் மாசசூசெட்ஸ் பள்ளி ஒன்றின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் அவர்களுடைய ஆசிரியையும். 2022இல் சட்டம் நிறைவேறியது. தண்டனை விதித்து 329 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதெல்லாம் யாருடைய ஊரிலோ நடந்தது என்று நினைக்க வேண்டாம். பெண்களைச் சூனியக்காரி என்று சொல்லி அடித்துக் கொல்வதைத் தடுக்க பீகாரில் 1999இலும் ஜார்க்கண்டில் 2001இலும் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. சட்டம் போட்டபின் கொலைகள் நின்றுவிடவும் இல்லை. உடம்பில் உண்மையைத் தேடும் பழக்கமும் நம் மருத்துவமனைகளில் இருந்தது. வன்புணர்வுக்கு ஆளான பெண்ணை 'இரு விரல் பரிசோதனை' செய்து, அவள் ஏற்கெனவே உடலுறவுக்குப் பழக்கப்பட்டவளா என்று எழுதினார்கள். அது அவளுடைய அந்தரங்கத்தையும் கண்ணியத்தையும் மீறுவது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. 2022 அக்டோபரில் மறுபடி சொல்ல வேண்டி வந்தது, அதைச் செய்பவர்கள் ஒழுங்கீனம் செய்தவர்கள் ஆவார்கள் என்ற எச்சரிக்கையோடு. அவள் வாயால் சொன்னது போதாது, உடம்பு சொல்ல வேண்டும் என்பதுதான் அந்தப் பரிசோதனையின் பொருள். ஜூன் 2ஆம் தேதிச் சோதனையின் பொருளும் அதுதான்.

படத்தைப் பாருங்கள். நன்றாக எடுத்த படம், பயமுறுத்தவும் செய்யும். பார்த்து முடித்தபின் மேரி ஈஸ்ட்டியின் மனுவையும் தேடிப் படியுங்கள். ஒரு பக்கம் அளவுதான் இருக்கும். அதில் இருக்கும் பெண்ணுக்குப் பெயர் இருக்கிறது, குரல் இருக்கிறது, நீதிபதிகளைவிடத் தெளிவான தலையும் இருக்கிறது. நாக்கை அறுத்தால்தான் பேய்க்கதை எழுத முடியும் என்றால், அதற்குக் காரணம் அவள் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததுதான்.